கிளிக்கு ஜோசியம்

கிளி ஜோசியத்தைப் பார்த்திராதவர்கள் தமிழ்நாட்டில் வெகு சொற்பமாகவே இருப்பார்கள். கோயில் வாசலிலோ கடற்கரை மணலிலோ ஜோசியர் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூண்டைத் திறந்ததும் பச்சைக்கிளி தத்தித் தத்தி வெளியே வரும். அடுக்கி வைத்த சீட்டுக்களில் ஒன்றை அலகால் இழுத்துப் போடும். கூலியாக ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்விடும். நமக்கு வரப்போகிற யோகங்களையெல்லாம் ஜோசியர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். கதவு திறந்திருந்தும் பறந்து போகாத அந்தக் கிளியின் ஜாதகம் என்னவென்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நம் நாட்டுக் கிளியைப் பிடித்துக் கூண்டிலிடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்தக் காட்சி இப்போது அருகி வருகிறது. அதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை.

இந்த வாரம் அந்த முறையைச் சற்றுத் தலைகீழாக்கிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். பறவை நமக்கு ஜோசியம் சொன்னது போதும். பறவைக்கு நாம் ஜோசியம் சொல்லுவோம். இதற்குச் சீட்டும் வேண்டாம், நெல்லும் வேண்டாம். கண்ணை நன்றாகத் திறந்து அதன் அங்க லட்சணங்களைக் கவனித்தால் போதும். இது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல என்பதை, மாசி மாதத்தில் தோணிரேவில் நேர்ந்த ஒரு விஷயம் நமக்கு உணர்த்திற்று.

தோணிரேவு என்பது பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவக் கிராமம். தோணி நமக்குத் தெரிந்த சொல். ரேவு என்றால் தெலுங்கில் துறை. ஏரியே தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடப்பதால், கரையிலுள்ள ஊரின் பெயரும் இரண்டு பாஷைகளுக்குப் பொதுவாக அமைந்திருப்பது பொருத்தந்தான். ஒரிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தில் இதுவே பெரிய உவர்நீர் ஏரி. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு இதனை வங்காள விரிகுடாவிலிருந்து பிரித்து நிற்கிறது. தெற்கே ஆற்று நீரும், முகத்துவாரம் வழியாகக் கடல்நீரும் வந்து கலக்கின்றன. இறாலும் மீனும் நண்டும் இக்கரைவாசிகளின் ஜீவனம்.

நம்மிடம் எட்டாம் வகுப்பில் வாசிக்கும் தோணிரேவுப் பையன் ஒருவன், ஒரு வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் மேஜையோரமாக நின்றுகொண்டிருந்தான். "என்ன தம்பி?" என்றோம்.

"சார், லவ் பேர்ட்ஸ் முட்டை போடறதுக்கு ஏதாவது மருந்து இருக்குதா?" என்று கேட்டான்.

விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. தீபாவளிக்கு அவனுடைய அக்காள் புருஷர் பட்டணத்துச் சந்தை ஒன்றில் ஒரு கூண்டும் இரண்டு சிறு கிளிகளும் வாங்கி வந்திருக்கிறார். "ஆணும் பெண்ணும், அசல் ஜோடி" என்று விற்றவன் சத்தியம் செய்திருக்கிறான். பையன் கூண்டுக்குள் ஒரு மண் கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டு, தினந்தோறும் காலையில் எட்டிப் பார்த்து வந்திருக்கிறான். நாலு மாதமாயிற்று, கலயம் காலியாகவே இருந்தது. அதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அக்காளுக்கு மணமாகி ஐந்து வருஷமாகியும் குழந்தை இல்லை. அண்டை வீட்டு அம்மாள் ஒருத்தி கூண்டைப் பார்த்துவிட்டு, "வீட்டு ராசி அப்படி, பறவைகூட இங்கே குஞ்சு பொரிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அன்று முதல் அக்காள் கூண்டு இருக்கும் திசையிலேயே திரும்புவதில்லையாம்.

"அதனாலதான் சார் கேட்டேன்" என்று பையன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

மருந்து ஒன்றும் நமக்குத் தெரியாது. ஆனாலும் கிளிகளை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினோம்.

கூண்டு திண்ணையின் கூரைக் கழியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்று பச்சை, மற்றொன்று நீலம். பையன் ஒரு பக்கமும், வலை பின்னிக்கொண்டிருந்த அவனுடைய பாட்டனார் மறுபக்கமும் நிற்க, நாம் ஜோசியத்தை ஆரம்பித்தோம்.

முதலில் பெயர். நம் ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று அழைத்தாலும், இந்தச் சிறு கிளிக்கு உரிய பெயர் பட்ஜரிகர். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு கிளி. பட்ஜரிகரின் தாயகம் ஆஸ்திரேலியா. ஜான் கூல்டு என்ற ஆங்கிலப் பறவை ஆராய்ச்சியாளர் 1840-ஆம் ஆண்டில் அவற்றை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பிறகு அவை கூண்டுகளிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, உலகத்தில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பறவைகளுள் ஒன்றாகிவிட்டன.

இரண்டாவது மூக்கு. பட்ஜரிகரின் அலகுக்கு மேலே, நாசித் துவாரங்களைச் சுற்றி, மெழுகைத் தடவினாற்போல் ஒரு சிறு சதைப் பகுதி இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அது நல்ல நீலமாக இருக்கும். பெண்ணுக்கு வெளிறிய பழுப்பாக இருந்து, முட்டையிடும் பருவத்தில் கரும்பழுப்பாகித் தடித்துவிடும். சில தினுசுகளுக்கு இந்த விதி பொருந்தாது. உடல் முழுவதும் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்து கண் சிவந்திருக்கும் வகைகளில், ஆணின் மூக்கு நீலமாகாமல் வயது வந்த பின்பும் இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். குஞ்சுப் பருவத்திலும் சந்தேகத்துக்கு இடமுண்டு. ஆனால் நம் முன்னால் இருந்தவை சாதாரணப் பச்சையும் நீலமும். இரண்டுக்கும் மூக்கு சங்குப்பூவைப் போல் நீலமாக இருந்தது.

மூன்றாவது வயது. குஞ்சுக்கு நெற்றி முழுவதும் கறுப்புக் கோடுகள் மூக்கு வரையில் ஓடியிருக்கும். மூன்று நாலு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்து புது இறகு முளைத்ததும், நெற்றி கோடற்று வெறுமையாகிவிடும். குஞ்சின் கண்ணும் முழுக் கறுப்பு; வயது ஏறினால் விழியைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம் தோன்றும். இவற்றுக்கு நெற்றியும் வெறுமை; கண்ணிலும் வளையம் தெளிவாக இருந்தது. எனவே இவை பருவம் வந்த பறவைகள் என்பதில் சந்தேகமில்லை.

"தம்பி, இந்தக் கலயத்தை நூறு வருஷம் கட்டித் தொங்கவிட்டாலும் இதில் முட்டை விழாது. இரண்டும் ஆண்" என்றோம்.

உள்ளே கதவோரத்தில் நின்றிருந்த அக்காள் வெளியே வந்தாள். "இரண்டுமே ஆம்பளையா, சார்?" என்று கேட்டாள். மூக்கைக் காட்டினோம். அவள் கூண்டுக்கு அருகில் வந்து, முதலில் பச்சையையும் பிறகு நீலத்தையும் நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தத் திண்ணையில் சிரிப்புச் சத்தம் கேட்டுச் சில வாரங்கள் ஆயிற்று என்று பின்னால் பையன் நம்மிடம் சொன்னான்.

இங்கே நேயர்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைப்பேறு தாமதப்படுவதற்குக் கணவனிடமோ மனைவியிடமோ இருவரிடமுமோ காரணம் இருக்கலாம். அது வைத்தியர் பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம். கூண்டுக் கிளி முட்டையிடாததை ஒரு பெண்ணின் தலையில் கட்டுவது அறிவுக்கும் பொருந்தாது, தர்மத்துக்கும் பொருந்தாது. நம் வீடுகளில் இம்மாதிரி வார்த்தைகளைச் சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்கப் பழகாதவர்கள். அந்த அம்மாள் கிளியின் மூக்கை ஒரு கணம் கவனித்திருந்தால் அந்த வார்த்தை அவள் வாயில் வந்திராது.

மூக்கு நலத்தையும் சொல்லும். வளர்ந்த ஆணின் நீல மூக்கு ஒருநாள் பழுப்பாக மாறத் தொடங்கினால், அது பெண்ணாகிவிட்டது என்று வேடிக்கை பேசக்கூடாது. உள்ளே கட்டி போன்ற நோய் இருப்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். மூக்கைச் சுற்றியும் காலிலும் செதில் செதிலாகப் பொருக்குக் கட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணி தொற்றியிருக்கலாம். பகல் வேளையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கிளி சுகமாக இல்லை என்று பொருள். இப்படிப்பட்ட சமயங்களில் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

சிரித்து முடித்த அக்காள் கேட்ட அடுத்த கேள்விதான் நம்மை யோசிக்க வைத்தது.

"பாவம் சார், இரண்டும் ஜோடியில்லாம கூண்டுக்குள்ளே கிடக்குது. திறந்து விட்டுடலாமா? ஏரிப் பக்கம் எத்தனையோ பறவை இருக்குது. அதுங்களோட இதுங்களும் பிழைச்சுப் போகட்டுமே."

நல்ல மனசிலிருந்து பிறந்த கேள்வி. ஆனால் விடை நம் கையிலும் இல்லை, அவள் கையிலும் இல்லை. பறவையின் உடம்பில் இருந்தது. மறுபடியும் அங்க லட்சணத்தைப் பார்த்தோம்.

அலகு குட்டையாக வளைந்திருக்கிறது. புல் விதையின் உமியை நீக்கித் தின்பதற்காக ஏற்பட்ட அலகு அது. மீனைக் கொத்தவும் உதவாது, சேற்றைத் துழாவவும் உதவாது. காலில் இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாக இருக்கின்றன; கிளையைப் பற்றி ஏறுவதற்கு ஏற்ற கால், சதுப்பில் நடப்பதற்கு ஏற்றதல்ல. இறக்கையோ நீண்டு கூர்மையாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழை பெய்த திசையைத் தேடி, கூட்டங்கூட்டமாக வெகு தூரம் பறந்து, விளைந்த புல் விதையைத் தின்று, மரப்பொந்தில் முட்டையிட்டு, மறுபடியும் புறப்பட்டுப்போகும் நாடோடியின் இறக்கை அது. காட்டிலுள்ள பட்ஜரிகர் பச்சையும் மஞ்சளுமாய், முதுகில் கறுப்பு வரிகளோடு இருக்கும். நீளம் சுமார் 18 செண்டிமீட்டர். எடை 30 முதல் 40 கிராம். அந்தப் புல்வெளியில் பச்சை நிறம் அதை மறைத்துக் காப்பாற்றும். நீலக் கிளிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

அந்த நீலம் எப்படி வந்தது என்பது ஓர் ஆச்சரியமான விஷயம். கிளியின் இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகின் உள்ளேயிருக்கும் மிக நுட்பமான துளைகள் நிறைந்த அமைப்பு, ஒளியில் நீலத்தை மட்டும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த இறகை இடித்துப் பொடியாக்கினால் நீலம் மறைந்துபோகும். அதன்மேல் மஞ்சள் சாயம் சேர்ந்தால்தான் பச்சையாகத் தெரிகிறது. அந்த மஞ்சள் சாயத்தைக் கிளி இரையிலிருந்து பெறுவதில்லை. தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளுகிறது. அதைத் தயாரிக்கும் மரபணுவை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 2017-இல் வெளியிட்டார்கள். அதில் நேர்ந்த ஒரு சிறு மாறுதலால் மஞ்சள் உண்டாகாமல் போயிற்று. பச்சைக்கு அடியில் ஒளிந்திருந்த நீலம் வெளியே தெரிந்தது. மனிதன் அதைக் கண்டு மகிழ்ந்து, அத்தகைய பறவைகளையே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கினான். ஆகவே கூண்டுக் கிளியின் நிறம் அது தின்ற இரையைச் சொல்லவில்லை, இருக்கும் ஊரைச் சொல்லவில்லை. அதன் பாட்டன் பூட்டன் வழியைத்தான் சொல்லுகிறது.

"அம்மா, இதற்கு இந்த ஊரில் சொந்தமும் இல்லை, இரை தேடும் வழக்கமும் இல்லை. கூண்டைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் காக்கையோ பருந்தோ கொண்டுபோய்விடும். விடுதலை என்று நினைத்து நாம் செய்வது கொலையாக முடியும்" என்றோம். "இதைப் பெரிய கூண்டுக்கு மாற்றுங்கள். உயரத்தைவிட நீளம் அதிகமாக இருக்கட்டும். இப்பக்கமிருந்து அப்பக்கம் பறக்க இடம் வேண்டும். தினையும் கீரையும் நல்ல தண்ணீரும் கொடுங்கள். கூட்டத்தில் வாழும் ஜாதி. இரண்டு ஆணும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். கலயத்தை மட்டும் அவிழ்த்துவிடுங்கள்."

அவளே கலயத்தை அவிழ்த்தாள்.

வலையை மூலையில் வைத்துவிட்டுப் பெரியவர் எழுந்தார். "வாத்தியார் சார், கூண்டுப் பறவைக்கு நீங்க சொன்னது சரி. எங்க பறவையைப் பார்த்திருக்கீங்களா?" என்றார். அன்று பிற்பகல் அவருடைய தோணியில் நாமும் பையனும் ஏரிக்குள் போனோம்.

கரையிலிருந்து சிறிது தூரம் போனதும், பெரியவர் கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டு எதிரே கையைக் காட்டினார்.

"அதோ உள்ளான் ஓடுது பாருங்க, அங்கே பாதம் நனையிற தண்ணிதான். கொக்கு நிக்கிற இடம் ஒரு சாண். அதுக்கப்பாலே பூநாரை நிக்குதே, அங்கே பாரம் ஏத்தின தோணி தரை தட்டும். கூழைக்கடா மிதக்குது பாருங்க, அதுதான் நமக்குத் தடம்."

நாம் திகைத்துவிட்டோம். கழியை ஊன்றி அளக்கவேண்டிய ஆழத்தை அவர் பறவைகளின் கால்களைக் கொண்டு அளந்துவிட்டார். வகுப்பறையில் நாம் வரைபடம் போட்டு நடத்துகிற பாடம், அவர் பிழைப்பிலேயே கலந்திருந்தது. உள்ளானின் கால் இவ்வளவு, கொக்கின் கால் இவ்வளவு, பூநாரையின் கால் இவ்வளவு என்று இயற்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பந்தி போட்டிருக்கிறது. ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைப்பதில்லை.

தோணியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டோம். பூநாரைக் கூட்டம் ஓரிடத்தில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகத் திரண்டு நின்றது. நிமிர்ந்து நின்றால் ஒரு பூநாரை ஒன்றரை மீட்டர் உயரம் வரை இருக்கும். அதில் பெரும்பகுதி காலும் கழுத்துமே. அதன் கால் நடுவில் பின்பக்கமாக மடங்குவதைப் பார்த்து, முழங்கால் திரும்பியிருக்கிறது என்று பலர் நினைப்பார்கள். அது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பது தவம் போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஓய்வு. அப்படி நிற்கும்போது மூட்டுக்கள் தாமே நிலைத்துக்கொள்ளுவதால் தசைகளுக்கு அநேகமாக வேலையே இல்லை என்று 2017-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. விரல்களுக்கு இடையே வாத்துக்கு இருப்பதுபோல் சவ்வு உண்டு. அதனால் சேற்றில் புதைவதில்லை. மிதித்துச் சேற்றைக் கலக்கவும் முடிகிறது.

அலகுதான் எல்லாவற்றிலும் விசேஷமானது. நடுவில் ஒடித்து வைத்தாற்போல் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து நீருக்குள் விடும்போது மேலலகு கீழாகவும் கீழலகு மேலாகவும் ஆகிவிடுகிறது. பருத்த நாக்கு ஒரு நொடியில் பல தடவை முன்னும் பின்னும் அசைந்து, பம்பு போல நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற நுண்ணிய தகடுகள், நீரை விட்டுவிட்டுச் சிற்றிறாலையும் புழுவையும் சிறு சிப்பியையும் பாசியையும் நிறுத்திக்கொள்ளுகின்றன. அலகை ஒரு தடவை பார்த்தவன், இந்தப் பறவைக்கு உவர்நீரும் ஆழமில்லாத சேற்றுத் தரையும் அதில் உயிர்த்துடிப்பும் வேண்டும் என்று வேறொருவர் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

இனி நிறம். கிளியைப்போல் பூநாரை தன் சாயத்தைத் தானே தயாரித்துக்கொள்ளுவதில்லை. அதன் சிவப்பு முழுவதும் இரையிலிருந்து வருவது. பாசியிலும், பாசியைத் தின்னும் சிற்றிறாலிலும் இருக்கும் காரோட்டின் இனத்துச் சாயம் உடம்பில் கலந்து இறகிலும் காலிலும் அலகிலும் படிகிறது. மிருகக்காட்சிசாலைகளில் இந்தச் சாயமில்லாத இரையைக் கொடுத்தபோது பூநாரைகள் வெளுத்துப் போயின. இரையில் அதைச் சேர்த்த பிறகே நிறம் திரும்பிற்று. குஞ்சுகளுக்குத் தொண்டைப் பையிலிருந்து சிவந்த பாலைப் போன்ற திரவத்தை ஊட்டும் காலத்தில், தாயும் தந்தையும் நிறம் மங்குகின்றன. தங்கள் சிவப்பையே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகின்றன என்று சொல்லலாம்.

ஆக, கூண்டுக் கிளியின் நிறம் அதன் வம்சத்தைச் சொல்லுகிறது. பூநாரையின் நிறம் அது நிற்கும் நீரைச் சொல்லுகிறது. ஒன்றை எந்த ஊருக்குக் கொண்டு போனாலும் நிறம் மாறாது. மற்றொன்றின் நிறத்தை ஏரியிலிருந்து பிரிக்கவே முடியாது.

கூட்டத்தின் ஓரமாகச் சில பறவைகள் சாம்பல் பூத்தாற்போல் மங்கலாக நின்றன. "சார், அதுங்களுக்குச் சீக்கா?" என்றான் பையன். நாம் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் பதில் சொல்லிவிட்டார்: "சீக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. அது பிள்ளைங்கடா. வேறெங்கேயோ பொறந்து, இங்கே தின்னு வளர வந்திருக்குதுங்க."

அவர் சொன்னது முற்றிலும் சரி. குஞ்சு பொரிக்கும்போது அதற்கு வளைந்த அலகும் இல்லை, சிவப்பு நிறமும் இல்லை. நேரான சிறு அலகும் சாம்பல் தூவியுமாகப் பிறக்கிறது. அலகு சில வாரங்களில் வளையத் தொடங்குகிறது. முழு நிறம் ஏற இரண்டு மூன்று வருஷங்களோ அதற்கு மேலுமோ ஆகிறது. அவசரமில்லாத பறவை, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் 2014-இல் இறந்த ஒரு பூநாரைக்கு வயது குறைந்தது 83. நம் தேசத்தில் இவை பெருவாரியாகக் கூடுகட்டும் இடம் குஜராத்தின் கட்ச் ரண் என்னும் உப்புப் பாலை. சேற்றைக் குவித்து மேடையாக்கி அதன்மேல் முட்டையிடும் அந்தப் பூநாரை நகரத்தை, பறவை அறிஞர் சாலிம் அலி 1945-இல் நேரில் சென்று ஆராய்ந்து எழுதினார்.

திரும்பி வரும்போது பெரியவர் கழியை ஊன்றியபடியே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சு இந்த ஏரியிலே பூநாரை ஒரு முட்டை இட்டதில்லை சார். அதுக்காக ஏரிக்கு ராசியில்லைன்னு யாராவது சொல்லுவாங்களா? எத்தனை பிள்ளைங்க இங்கே வந்து வயிறு நிறையுது!"

அவர் ஏரியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது நமக்குத் தெரிந்தது. பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் ஒன்றும் பேசாமல் பாட்டனாரின் கையிலிருந்த கழியை வாங்கிக்கொண்டான்.

ஏரியின் ராசி எதில் இருக்கிறது என்பதையும் பெரியவரே சொன்னார். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வாய் அடைபட்டுப் போகிற வருஷங்களில் இறால் வருவதில்லை, வலை காய்கிறது. இதற்கு விஞ்ஞானமும் சாட்சி சொல்லும். நம் மீனவர் நம்பியிருக்கும் இறால்களில் முக்கியமானவை கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளருகின்றன. வாய் மூடினால் அந்த வழி மூடுகிறது. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அளவு மாறுகிறது. அளவு மாறினால் சேற்றிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் மாறுகிறது. மீனவன் வலைக்குள் வரும் இறாலுக்கும் பூநாரையின் அலகுக்குள் போகும் சிற்றுயிருக்கும் ஆதாரம் ஒரே தண்ணீர்தான். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழகப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டன. அது நல்ல காரியம். ஆனால் பறவையைச் சுடாதே என்று பலகை மாட்டுவதோடு பாதுகாப்பு முடிந்துவிடாது. முகத்துவாரம் திறந்திருக்கவேண்டும், பட்டணத்துக் கழிவும் ஆலைக் கழிவும் நீரில் சேராதிருக்கவேண்டும். கரையில் வாழும் மனிதர்களின் வலையும் நிறையவேண்டும். வலை காய்ந்த ஊரில் பறவைக்காகப் பரிந்து பேச யாருக்கும் மனம் வராது.

பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும் அவசரத்தில் கூட்டத்தின் நடுவே படகை விடும்படி படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். பூநாரைகள் எழும்பிப் பறந்தால், மூடியிருந்த இறக்கை விரிந்து, கறுப்பு இறகுகளுக்கு மேல் செம்பட்டுத் துண்டு தைத்தாற்போல் தோன்றும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஒரு நிமிஷத்து வேடிக்கைக்காக, நாள் முழுவதும் சேற்றைச் சலித்துச் சேர்த்த பலத்தை அவை செலவழிக்கின்றன. தூர நின்று ஒரு சாதாரணத் தொலைநோக்கியால் பாருங்கள். காலைப் பாருங்கள், ஆழம் தெரியும். அலகைப் பாருங்கள், இரை தெரியும். நிறத்தைப் பாருங்கள், வயதும் ஏரியின் வளமும் தெரியும். வீட்டில் பட்ஜரிகர் வாங்க உத்தேசித்திருப்பவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன் மூக்கைப் பாருங்கள்.

சென்ற வாரம் பையன் ஒரு செய்தி கொண்டு வந்தான். அத்திம்பேர் என்று நாம் சொல்லும் முறையில் அவனுக்கு மாமாவான அக்காள் புருஷர், பழைய வலையும் மூங்கிலும் கொண்டு நாலு முழ நீளத்துக்குப் புதுக் கூண்டு கட்டியிருக்கிறாராம். இரண்டு கிளிகளும் இப்பக்கமிருந்து அப்பக்கம் பறக்கின்றனவாம். தினை போடுவது அக்காளின் வேலையாம்.

"அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் மறுபடியும் வந்தாளா?" என்று கேட்டோம்.

"வந்தாங்க சார். அக்கா கூண்டுகிட்ட அழைச்சுக்கிட்டுப் போய், 'முதல்லே மூக்கைப் பாருங்க பெரியம்மா'ன்னு சொல்லிச்சு" என்றான்.

ஜோசியம் பலித்துவிட்டது என்றே நினைக்கிறோம்.